28 நாள் கப்பல் பயணம், 5 வருட சமையல்: ராமானுஜன் தட்டில் என்ன இருந்தது?

ஃப்ளைட் டிக்கெட் புக் பண்ணும்போது, சீட் செலக்ட் பண்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பெஷல் மீல் என்று ஒரு ஆப்ஷன் வரும், கவனிச்சிருக்கீங்களா? பலர் அதைப் பார்க்காமலே பேமென்ட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு அந்தச் சின்ன ஆப்ஷன்தான் பயணத்தையே காப்பாற்றும்.

அப்படி ஒரு ஆப்ஷன் இல்லாத காலத்தில், ஒரு கும்பகோணத்துப் பையன் சைவ விரதத்தோடு கடல் கடந்து போனார். பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய கணக்கைப் பற்றி நிறைய படிச்சிருப்பீங்க. இன்று அவருடைய சாப்பாட்டைப் பார்ப்போம். ஏன்னா, அந்தக் கதையில் ஒரு உயிர் இருக்கிறது.

30 ரூபாய் கிளார்க்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் ஆசாரத்தில் ரொம்பக் கண்டிப்பு. வெங்காய சாம்பார் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற வீடு இல்லை அது. மடி, நைவேத்தியம், வாழை இலை என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு.

1912-ல் சென்னை துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உங்களுக்குத் தெரியும். ஹார்டி உடனே வரச்சொன்னார். ராமானுஜன் உடனே கிளம்பவில்லை. கடல் தாண்டினால் சாதியை விட்டே தள்ளிவைப்பார்கள் என்ற பயம் அன்று சும்மா இல்லை, நிஜமாகவே தள்ளிவைப்பார்கள். அம்மாவுக்குச் சம்மதமில்லை. ஒரு வருட இழுபறிக்குப் பிறகுதான் அவர் மனசு மாறியது. அதுவும் ஒரு உறுதியோடு: அங்கே போயும் சுத்த சைவமாகவே இருக்க வேண்டும்.

கப்பலில் முதல் ஸ்பெஷல் மீல்

கிளம்புவதற்கு முன்பே அம்மாவையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு குடுமியை வெட்டிக்கொண்டார். கோட்டு, பேன்ட் வாங்கினார். முள்கரண்டி பிடிக்கப் பழகினார். வீட்டுப் பெண்கள் அந்தக் கோலத்தில் தன்னைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார் போல.

1914 மார்ச் 17-ல் எஸ்.எஸ். நெவாஸா கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அவருக்கு சைவ உணவு கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். யோசிச்சுப் பாருங்க, இன்றைக்கு நாம ஆப்பில் டிக் பண்ற அதே வேலையை அன்று பெரிய மனிதர்கள் சொல்லித்தான் நடத்த வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் கடல் ஒத்துக்கொள்ளாமல் அவதிப்பட்டார். கொழும்பு தாண்டியபின் தேறினார். ஏப்ரல் 14-ல் லண்டன். மொத்தம் 28 நாள்.

பயணம் முடிந்தது. ஆனால் பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது. ஏன்னா கப்பலில் யாரோ ஏற்பாடு செய்தார்கள். கரை இறங்கியபின் மூன்று வேளையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுப்படியில் ஒரு மேதை

முதல் சில வாரங்கள், தன்னை இங்கிலாந்துக்கு அழைத்துவரக் காரணமாக இருந்த நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரி விடுதி. அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் பெரிய ஹாலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். நட்பு வளர்வதே அந்த மேஜையில்தான். ராமானுஜன் அங்கே சாப்பிடவில்லை. உருளைக்கிழங்கைக்கூட பன்றிக் கொழுப்பில் வறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கல்லூரிச் சமையலையே ஒதுக்கிவிட்டார்.

அறையிலேயே சின்ன கேஸ் அடுப்பில் தானே சமைத்தார். ஒருநாள் அவர் காய் வதக்கிக்கொண்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்துக் காட்டினார். வீட்டு எண்களைப் பற்றிய புதிர். கரண்டியை நிறுத்தாமலே ராமானுஜன் விடை சொன்னார். அந்த ஒரு விடை மட்டுமில்லை. அந்த வகைப் புதிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சூத்திரம்! பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய அதே மகலனோபிஸ்தான் இவர்.

இன்னொரு நாள், ஒரு இந்திய நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டார். ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை, போதும் என்று மறுத்தார்கள். சாப்பிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். சில நாள் கழித்துத்தான் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. தன் கையால் போட்டதை வேண்டாம் என்றதும் மனசு உடைந்துபோயிருக்கிறது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில், அந்த ரசம் அவருக்கு வெறும் ரசமா என்ன?

போர் வந்தது, புளி வரவில்லை

அவர் போய் நாலு மாதத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. ஊரிலிருந்து அவ்வப்போது மளிகைப் பார்சல்கள் வந்துகொண்டிருந்தன. போர்க்காலத்தில் கடல் வழியே ஆபத்து. 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கண்ணில் பட்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்கத் தொடங்கின. நல்ல காய்கறியும் சுலபமாகக் கிடைக்கவில்லை.

கையில் பணம் இல்லாமல் இல்லை. வருடத்துக்கு 250 பவுண்ட் உதவித்தொகை இருந்தது. இல்லாதது நேரமும் ஒழுங்கும். கணக்கில் மூழ்கினால் பொழுது தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை சமைப்பார். சில சமயம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அதுவும் கண்ட நேரத்தில். கூடவே குளிர், தனிமை. ஜானகியின் கடிதங்கள் சரியாக வந்து சேராத கவலை வேறு.

1917-ல் படுத்த படுக்கையானார். காசநோய் என்று சொல்லி ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அங்கேயும் சாப்பாட்டுச் சண்டைதான். 1918-ல் மேட்லாக் என்ற ஊரில் அவரைப் பார்க்கப் போன ஒரு தமிழ் நண்பர், அவருடைய சாப்பாட்டு நிலைமையைப் பற்றிக் கவலையோடு ஹார்டிக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். அதே 1918-ல்தான் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவும் ஆனார். உலகமே பாராட்டியபோது, மனுஷனுக்கு வாய்க்குப் பிடித்த ஒரு வாய் சோறு இல்லை.

1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. நீ கூட வந்திருந்தால் எனக்கு உடம்புக்கு வந்திருக்காது என்று கடைசி நாட்களில் அவர் வருந்தியதை ஜானகி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வளவு ஆசாரம் காத்தும் என்ன பயன்? கடல் தாண்டியவர் என்று உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை.

அப்போ, சைவம்தான் கொன்றதா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. 1994-ல் ஒரு மருத்துவர் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்து, அது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்றார். இந்தியாவில் இருந்தபோதே அவருக்கு வந்த வயிற்றுப்போக்கின் மிச்சம். சத்துக்குறைவு அவரை மேலும் பலவீனமாக்கியிருக்கலாம். வெயிலே இல்லாத ஊரில் வைட்டமின் டி கிடைப்பது கஷ்டம். அப்படி ஒரு சத்துக்குப் பெயர் வைத்ததே அவர் இறந்த பிறகுதான்!

அதனால் தப்பு அவருடைய சைவத்தில் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்க அவரைச் சுற்றி ஆள் இல்லை, ஏற்பாடு இல்லை. ஒரு கொள்கையைத் தனி ஆளாகச் சுமப்பது அவ்வளவு கஷ்டம்.

நீங்கள் கிளம்பும் முன்

உங்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. பயன்படுத்திக்கோங்க.

ஸ்பெஷல் மீலை குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கும். ஏறிய பிறகு கேட்டால் இருக்காது.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஹிந்து மீல், அதாவது எச்.என்.எம்.எல், பொதுவாக அசைவம்! இந்திய பாணி சைவத்துக்கு ஏ.வி.எம்.எல். பால்கூட வேண்டாம் என்றால் வி.ஜி.எம்.எல். வெங்காயம், பூண்டு, கிழங்கு தவிர்ப்பவர்களுக்கு ஜெயின் உணவான வி.ஜே.எம்.எல்.

ஃப்ளைட் மாறுகிறவர்கள் அடுத்த விமானத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எள்ளுருண்டை, கடலைமிட்டாய், தட்டை மாதிரி கெட்டியான தின்பண்டம் ஒரு பொட்டலம் கைப்பையில் இருக்கட்டும். ஆனால் நெய், பால்கோவா எல்லாம் பிரிட்டனுக்குக் கொண்டுபோகத் தடை.

முக்கியமான விஷயம், விமானம் இறங்கிய பிறகுள்ள நாட்கள். படிக்கவோ வேலைக்கோ போகிறீர்கள் என்றால், என்ன சமைப்பது, யாரோடு சாப்பிடுவது என்பதையும் விசா மாதிரியே முன்கூட்டி யோசியுங்கள். உங்கள் நண்பர் யாராவது அப்படிப் போயிருந்தால், இன்று ஒரு போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ராமானுஜனுக்கு அந்தக் கேள்வியைத் தினமும் கேட்க அங்கே யாரும் இல்லை.