அகதா கிறிஸ்டியும் மிஸ் மார்ப்பிளும்

சிறிய ஊரில் எந்தச் செய்தியும் நெடுநாள் மறைந்திருப்பதில்லை. கேமரன் மலையின் தேயிலைத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யார் வீட்டுக்கு விருந்தினர் வந்தனர், யாருடைய பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டான் என்பதையெல்லாம் முதலில் அறிபவர் வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியே. ஆனால், பெரிய சிக்கல் ஒன்று எழும்போது அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இத்தகைய மூதாட்டி ஒருவரையே துப்பறிவாளராக்கிப் புதினங்கள் படைத்தவர் அகதா கிறிஸ்டி.

அகதா 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் டார்க்கி என்னும் கடலோர நகரில் பிறந்தார். எட்டு வயதுவரை அவர் படிக்கக் கற்க வேண்டியதில்லை என்று அவருடைய தாயார் கருதினார். அகதாவோ ஐந்து வயதிற்குள் தாமாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் தொண்டூழியத் தாதியாகவும், பிறகு மருந்தகத்திலும் பணியாற்றினார். மருந்துகளையும் நஞ்சுகளையும் பற்றி அங்குப் பெற்ற அறிவு அவருடைய கதைகளுக்குப் பெரிதும் உதவியது. துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று அவருடைய அக்காள் விடுத்த சவாலே அவரை எழுதத் தூண்டியது. பல பதிப்பகங்கள் மறுத்த அவருடைய முதல் புதினம் 1920ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தோன்றிய எர்கியூல் பொய்ரோ என்னும் துப்பறிவாளர் விரைவில் புகழ்பெற்றார்.

1926ஆம் ஆண்டில் அகதா எழுதிய ஒரு புதினத்தில் கரோலின் என்ற பெண் இடம்பெற்றாள். மருத்துவர் ஒருவரின் மூத்த சகோதரியான அவள் திருமணமாகாதவள். வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்லாமலேயே ஊர்ச் செய்தி அனைத்தையும் அறிந்தவள். அகதாவுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவள். ஆயினும், அக்கதையை நாடகமாக்கியவர் கரோலினை நீக்கிவிட்டு, அவளுக்குப் பதிலாக அழகிய இளம்பெண் ஒருத்தியைச் சேர்த்தார். வயது முதிர்ந்த பெண்ணுக்கு மேடையில் இடமில்லாமற் போனது அகதாவை வருந்தச் செய்தது. அந்த வருத்தத்தில்தான் மிஸ் மார்ப்பிள் உருவாகியிருக்க வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஈலிங் என்னும் ஊரில் வாழ்ந்த தம் பாட்டியின் இயல்பு ஒன்றையும் அவர் மார்ப்பிளுக்குக் கொடுத்தார். பிறரைப் பற்றி அந்தப் பாட்டி ஐயப்பட்டால், அது பெரும்பாலும் உண்மையாகிவிடுமாம்.

மிஸ் மார்ப்பிள் 1927ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சிறுகதையில் அறிமுகமானார். அவரை நாயகியாகக் கொண்ட முதல் புதினம் 1930ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாதிரியார் இல்லத்தில் கொலை என்று பொருள்படும் 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' என்பதே அதன் பெயர். அதற்கு முந்திய ஆண்டில்தான் கேமரன் மலையில் 'போ' தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. அந்தப் புதினத்தில் மார்ப்பிள் நமக்கு முதலில் அறிமுகமாவதும் ஒரு தேநீர் விருந்தில்தான். ஊர்ப் பெண்கள் கூடி, தேநீர் அருந்தியபடி மற்றவர்களைப் பற்றிப் பேசுகின்றனர். சில நாள்களில், பாதிரியாரின் படிப்பறையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அடுத்த வீட்டில் வசிக்கும் மார்ப்பிள் தம் தோட்டத்தில் இருந்தபடியே யார் வந்தார், யார் போனார் என்பதைக் கவனித்திருக்கிறார். காவல் அதிகாரியோ அவரைப் பொருட்படுத்தவில்லை. இறுதியில் உண்மையைக் கண்டறிபவர் அவர்தான்.

மார்ப்பிளின் முறை எளிமையானது. மனித இயல்பு எங்கும் ஒன்றே என்று அவர் நம்புகிறார். ஆகவே, புதிதாக ஒருவரைச் சந்தித்தால், தம் கிராமத்தில் அவரைப் போல் நடந்துகொண்டவர் யார் என்று எண்ணிப் பார்க்கிறார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்பு ஒருமுறை எடையைக் குறைத்து எழுதியவரை மறக்காத ஒரு தோட்டத்துப் பாட்டி, வேறோர் ஊரில் அதே பார்வையையும் அதே பேச்சையும் கண்டால் விழிப்படைவார் அல்லவா? மார்ப்பிளின் அறிவும் அத்தகையதே.

இந்தப் புதினத்தைப் பற்றி வாசகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பாத்திரங்கள் மிகுதி, கதை மெதுவாக நகர்கிறது என்பர் சிலர். அகதாவே பின்னாளில் அதில் பாத்திரங்களும் கிளைக்கதைகளும் அளவுக்கு மீறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். மார்ப்பிள் பிறர் வாழ்வில் தலையிட்டு வம்பளப்பவர் என்பது மற்றொரு குறை. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவது ஊகமே ஆகும். அது சான்றாகாது என்றும் சிலர் வாதிடுவர். இக்கருத்தில் நியாயம் உண்டு. தோற்றத்தையும் பழக்கத்தையும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தால், தவறற்றவரும் துன்புற நேரிடும். மறுபுறம், உடல் வலிமையோ பதவியோ இல்லாத ஒரு முதியவர் கூர்ந்த கவனிப்பால் வெல்வதே இக்கதையின் சிறப்பு என்று போற்றுவோரும் பலர்.

அடுத்த மார்ப்பிள் புதினம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்வந்த புதினங்களில் மார்ப்பிளின் வம்பு குறைந்து கனிவு கூடியது. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' என்னும் புதினம் இதற்குச் சான்றாகும். அதில் ஒரு செல்வந்தர் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறார். அவர் வீட்டில் பணிபுரிந்த கிளாடிஸ் என்ற ஏழைப் பெண்ணும் கொல்லப்படுகிறாள். செல்வந்தரின் மரணமே பெரிய செய்தியாகிறது. ஆனால், மார்ப்பிளை அந்த வீட்டிற்கு வரவழைப்பது கிளாடிஸின் மரணம். ஆதரவற்ற அப்பெண்ணுக்கு வீட்டு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அவளுக்காகக் கேட்க யாரும் இல்லை என்பதால் தாமே நீதி தேடி வருகிறார். மார்ப்பிளை வம்பளப்பவர் என்று ஒதுக்குவோருக்கு இப்புதினம் தக்க மறுமொழியாகும்.

வாசகர்கள் அகதாவுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினர். பொய்ரோவும் மார்ப்பிளும் ஒரே கதையில் சந்திக்க வேண்டும் என்பது பலருடைய விருப்பம். அச்சந்திப்பு அவ்விருவருக்குமே பிடிக்காது என்று கருதிய அகதா அதற்கு இணங்கவில்லை. மார்ப்பிளைத் தொடக்கத்திலேயே அறுபத்தைந்து வயதைக் கடந்தவராகப் படைத்துவிட்டதை எண்ணி மட்டும் அவர் சற்று வருந்தினார். தம் வாழ்நாள் முழுவதும் அவர் தம்முடன் வருவார் என்று அப்போது அவர் நினைக்கவில்லை.

அகதா கிறிஸ்டி 1976ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் தம் 85ஆம் வயதில் காலமானார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதிப் பாதுகாத்து வைத்திருந்த மார்ப்பிள் புதினம் ஒன்று அதே ஆண்டில் வெளிவந்தது. அதனுடன் மார்ப்பிள் புதினங்கள் பன்னிரண்டு ஆயின. மேடையில் ஒரு மூத்த பெண்ணுக்கு மறுக்கப்பட்ட இடத்தை, அகதா தம் எழுத்தின்வழி உலக வாசகர்களின் மனத்தில் பெற்றுத் தந்தார்.