ஆடி முதல் நாளில் நினைக்க வேண்டிய வீரர்

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் அறச்சலூர் ஓடாநிலைக்குப் போகாத கட்சிக்கொடி நம் மாவட்டத்தில் இல்லை. 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு அன்றைக்கு எல்லோரும் மாலை போடுகிறார்கள். போட வேண்டியதுதான். ஆனால் அதற்கு 14 நாள் முன்பு, அதே ஆண்டு ஜூலை 17இல், அதே போருக்காக, அதே வட்டாரத்தில் இன்னொரு வீரர் கொல்லப்பட்டார். அவர்தான் மாவீரன் பொல்லான். இப்போது ஆடி 1ஆம் தேதி அவருடைய நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த நாளில் அங்கே எத்தனை பேர் போகிறோம்?

மொடக்குறிச்சி வட்டாரத்தின் நல்லமங்காபாளையம் அவருடைய ஊர். அருந்ததியர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் அருந்ததியர் கை படாமல் வெள்ளாமை கிடையாது. கிணற்றில் கவலை இறைக்கத் தோல்பறி தைத்தவர்கள் அவர்கள். ஊராரின் காலுக்குச் செருப்புத் தைத்தவர்களும் அவர்களே. அப்படித் தைத்துக் கொடுத்தவர் தன் காலில் செருப்போடு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்பது சாதி வைத்த சட்டம். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பொல்லானின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

1799 மே 4இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கொங்கு நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. பணிய மறுத்த சின்னமலை ஓடாநிலையில் கோட்டை கட்டிப் படை திரட்டினார். அந்தப் படையில் பல சாதியினரும் இருந்தனர். பொல்லான் அதில் தளபதிகளில் ஒருவராகவும், எதிரியின் நடமாட்டத்தை அறிந்து சொல்லும் ஒற்றராகவும் இருந்தார். 1801இல் காவிரிக் கரையிலும், 1802இல் ஓடாநிலையிலும், 1804இல் அறச்சலூரிலும் நடந்த மோதல்களில் கம்பெனிப் படை பின்வாங்கியது என்று கொங்கு வரலாறு சொல்கிறது.

நேருக்கு நேர் வெல்ல முடியாத கம்பெனி, பீரங்கிகளோடு கோட்டையை வளைக்கத் திட்டமிட்டது. அப்போது பொல்லான் வெள்ளையர் முகாமுக்குள்ளேயே செருப்புத் தைப்பவராக இருந்தார் என்பது இந்த வட்டாரம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. செருப்புத் தைப்பவரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் காதில் விழுமே என்று யாரும் பேச்சை நிறுத்துவதும் இல்லை. தாக்குதல் வருவதை அறிந்த பொல்லான், கோட்டையைக் காலி செய்யும்படி ஓலை எழுதி, அதைச் செருப்பின் இரண்டு தோலுக்கு நடுவில் வைத்துத் தைத்து அனுப்பினார். சின்னமலை தப்பினார். பீரங்கியோடு வந்தவர்களுக்கு வெறும் கோட்டைதான் கிடைத்தது. அங்கே கிடந்த செருப்பும் பிரிந்த தையலும் அனுப்பியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தன. பொல்லான் பிடிக்கப்பட்டு நல்லமங்காபாளையத்தில், சொந்த மண்ணிலேயே கொல்லப்பட்டார்.

இழிவு என்று ஊர் ஒதுக்கிய தொழில்தான் அன்று படைக்கலமாக ஆனது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அவர் விட்டுச் சென்ற குடும்பத்தையும் நினைத்துப் பார்ப்போம். கம்பெனியின் கூலிக்குச் சண்டையிட்ட சிப்பாய்க்குச் சம்பளப் பட்டியல் உண்டு, அதில் பெயர் உண்டு. கம்பெனியை எதிர்த்து மாண்டவருக்கு அதுவும் இல்லை. ஆதரிக்க வேண்டிய தலைவரும் 14 நாளில் தூக்குமேடைக்குப் போய்விட்டார். நிலமில்லாத, எழுத்து மறுக்கப்பட்ட அந்தக் குடும்பத்திடம் மிச்சம் இருந்தது ஒரு பெயர் மட்டுமே. அதை அவர்கள் விடவில்லை. பெற்றவர் பிள்ளைக்கும், பிள்ளை பேரனுக்குமாகச் சொல்லிச் சொல்லி 200 ஆண்டு காப்பாற்றினார்கள்.

இதற்கு ஆவணம் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். சின்னமலையைப் பற்றி நாம் நம்பிச் சொல்லும் செய்திகளில் பலவும் வாய்வழியே வந்தவைதான். மைசூருக்குப் போன வரிப்பணத்தை அவர் வழிமறித்துப் பறித்தது, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை பறித்ததாகச் சொல்லி அனுப்பியது எல்லாமே அப்படி வந்தவை. அதையெல்லாம் கேட்டு மகிழ்கிறவர்கள் பொல்லானிடம் மட்டும் முத்திரைத்தாள் கேட்பது என்ன நியாயம்? நெல்கட்டும்செவலில் பூலித்தேவன் படைக்குத் தளபதியாக இருந்த ஒண்டிவீரனும் அருந்ததியரே. அவரையும் மக்களின் நாவுதான் காத்தது. 2022இல் அவருக்கு அஞ்சல்தலை வந்தது.

பொல்லானின் வாரிசுகளும் இயக்கத் தோழர்களும் பல ஆண்டுகள் மனு கொடுத்தார்கள். அதன் பயனாக 2025 நவம்பரில் மொடக்குறிச்சி வட்டம் ஜெயராமபுரத்தில் பொல்லானின் முழுவுருவச் சிலையையும் அரங்கத்தையும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் சிலை வைத்ததோடு கணக்குத் தீர்ந்துவிடாது. அந்த வீரரின் குடும்பம் என்பது இன்று மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கும் அருந்ததியர் தெருக்கள். சாக்கடையும் குப்பையும் அள்ளும் வேலை இன்னும் அந்தத் தெருக்களின் தலையில்தான் ஏற்றப்படுகிறது. 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடு சரியே என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டுவிட்டது. அந்த இடங்களை நிரப்பும் அளவுக்கு நம் பிள்ளைகள் பள்ளியில் நிற்கிறார்களா, பாதியில் மில் வேலைக்குப் போகிறார்களா என்பதைத் தெருத்தெருவாகப் பார்க்க வேண்டியது நம் கடமை.

பெருந்துறையிலிருந்து சென்னிமலையைத் தாண்டிப் போனால் அறச்சலூர் வட்டாரம் வந்துவிடும். ஆடி 18க்கு ஓடாநிலை போகும் எல்லாச் சாதியினரும் ஆடி 1க்கு ஜெயராமபுரத்துக்கும் வர வேண்டும். ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துவர வேண்டும். தலைவருக்கு மாலை போடும் கைகள், அவரைக் காப்பாற்றிவிட்டு உயிரைக் கொடுத்த தோழருக்கும் ஒரு மாலை கொண்டுவரட்டும்.