விசிலில் தொடங்கிய மறைக்கல்வி

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் மூணு தடவை போன் பண்ணிவிட்டார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பத்து வருஷமாக எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் தொன் போஸ்கோவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1815 ஆகஸ்ட் 16-ல் வட இத்தாலியின் பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். இரண்டு வயது நிறையும் முன்பே அப்பா போய்விட்டார். அம்மா மார்கரீத்தாதான் வயலில் பாடுபட்டு வளர்த்தார். சந்தையில் வித்தை காட்டுகிறவர்களை உற்றுப் பார்த்து, கயிற்றில் நடக்கவும் கண்கட்டு வித்தை காட்டவும் பையன் தானே கற்றுக்கொண்டான். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டுவான். டிக்கெட் கிடையாது. ஆனால் முதலில் ஜெபமாலை சொல்ல வேண்டும், பூசையில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும்.

1841-ல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகரில் இருந்தார். அங்கே சிறையில் அடைபட்டுக் கிடந்த சின்னப் பையன்களைப் பார்த்து மனம் கலங்கினார். அந்த வருஷம் டிசம்பர் 8-ம் தேதி, பூசைக்கு உதவி செய்யத் தெரியாத ஒரு கொத்து வேலைக்காரப் பையனைக் கோயில் பணியாள் அடித்து விரட்டினார். அவனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார் தொன் போஸ்கோ. பர்த்தலோமேயோ கரெல்லி, வயது 16, தாய் தகப்பன் இல்லை. எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, பாடவும் தெரியாது. கடைசியாக, விசிலடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் சிலுவை அடையாளம் சொல்லிக் கொடுத்தார்.

பையன்கள் பெருகினார்கள். சத்தம் தாங்காமல் இடத்துக்கு இடம் விரட்டினார்கள். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். 1846 உயிர்ப்புத் திருநாளில் வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. விளையாட்டு, பாட்டு, பூசை, இரவுப் பள்ளி எல்லாம் அங்கேதான்.

அதோடு விடவில்லை. வேலை பழகும் பையன்களுக்காக முதலாளிகளிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். கைநீட்டக் கூடாது, திருநாளில் லீவு விட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. 1853 முதல் தையல், செருப்புத் தொழில் என்று சொந்தப் பட்டறைகளும் வந்தன. 1859-ல் சலேசிய சபை உருவானது. 1888 ஜனவரி 31-ல் அவர் காலமானார். 1906-ல் அவரது சபையினர் நம் தஞ்சாவூருக்கே வந்து சேர்ந்தார்கள். 1934-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

இனி என் தப்பு. போன வருஷம் மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்க்கிற பையன் ஒருவன், கையில் கிரீஸோடு வகுப்புக்கு லேட்டாக வந்தான். வெளியே நிற்கச் சொன்னேன். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. கரெல்லியின் கதையைப் பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கம்பு என் கையிலேயே இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷாப்புக்குத் தேடிப் போனேன். டீ வாங்கிக் கொடுத்து, வகுப்பைப் பற்றிப் பேசாமல் பைக்கைப் பற்றியே பேசினேன். இப்போது வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டோம். முதல் அரைமணி கேரம்போர்டு. அவன் சில வாரம் வருகிறான், சில வாரம் வருவதில்லை. வரும்போது கதவு திறந்திருக்கிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் யாருக்காவது சொல்லிக் கொடுக்கப் போவீர்கள். முதலில் அவன் சிரிக்கட்டும். பாடம் எங்கேயும் ஓடிப் போகாது.