குடந்தை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்

குடந்தை ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களை மாத்திரம் செவியுற்ற ஸ்ரீமந் நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடித் தாமிரபரணிக் கரையிலுள்ள திருக்குருகூருக்கு எழுந்தருளி, ஆழ்வாரின் அருளால் நாலாயிரமும் பெற்ற வரலாற்றை இத்திருநாளுக்கு வந்துள்ள அன்பர்கள் நன்கு அறிவர். அந்த ஆராவமுதனின் ஸந்நிதித் தெருவிலேயே வளர்ந்தவர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, தாயாரின் பிறந்தகமான ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் துணிக்கடைக் கணக்கர். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கவனமின்றிக் கல்லூரிப் பரீக்ஷையில் தவறிய ராமாநுஜன், பின்னர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். வைதிகக் குடும்பத்தார்க்குக் கடல் கடத்தல் எளிய காரியமன்று. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் அநுமதி அருளிய பின்னரே அன்னை கோமளத்தம்மாள் இசைந்தார் என்பர்.

அவரைப் பற்றிப் பேசுவோர் 1729 என்னும் எண்ணையே பேசுவர். அதனினும் மிகப் பெரியதோர் எண் அவருடைய 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. பிரஸாதம் பங்கிடுவோர்க்கு அதன் தத்துவம் எளிதில் விளங்கும். பன்னிரண்டு வடைகளை இருவர், மூவர், நால்வர், அறுவர் என எவ்வாறும் சமமாகப் பங்கிடலாம். பதின்மூன்று வந்துவிட்டால் தொல்லைதான். 12-ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. 60-க்குப் பன்னிரண்டு. நாளொன்றுக்கு அறுபது நாழிகை என்று பெரியோர் வகுத்ததிலுள்ள ஸௌகரியமும் இதுவே. இவ்வாறு தன்னிற் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுஎண்கள் உடைய எண்களை, மின்னணுக் கணினிகள் இல்லாத அக்காலத்தில், ராமாநுஜன் வரிசையாக எழுதி அட்டவணையாக்கினார். அதன் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேல்! இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்க இது கிடைக்கும். இதன் வகுஎண்கள் 10,080.

இவ்வாராய்ச்சிக்காக 1916-ல் பட்டம் பெற்றார். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினரானார். நோயுற்று 1919-ல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில், முப்பத்திரண்டாவது வயதில் பரமபதித்தார். கடல் கடந்தவர் என்று அந்திமக் கிரியைக்கு உறவினர் பலர் வரவில்லை. தாயாரே விடைகொடுத்து அனுப்பிய பிள்ளைக்கு இது நேர்ந்திருக்க வேண்டாம்.

அச்சிடப் பொருள் போதாமையால் 1915-ல் நிறுத்தி வைக்கப்பட்ட அக்கட்டுரையின் எஞ்சிய பகுதி, 1988-ல்தான் வெளிவந்தது. அட்டவணையிலும் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். அது 2,93,31,86,25,600. வகுஎண்கள் 5,040. அதனை 23-ஆல் பெருக்கினால், அவர் எழுதி முடித்த அந்தக் கடைசி எண்ணே வருகிறது.