பூமியின் கருவைக் கண்ட ஓல்டாம்

எரியோட்டில் கிணறு வெட்டுவோர் சின்னாளிற் பாறையை முட்டி, வெடிமருந்தை நாடுவதை நாம் சிறு பிராயமுதற் கண்டுளோம். சில கஜ ஆழத்திற்கே இத்துணைப் பாடெனின், 2,900 கிலோமீட்டர் ஆழத்திலுள்ளதை ஒருவர் அறிந்தது எங்ஙனம்?

ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் 1858-இல் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டாம் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவுக்குத் தலைமை வகித்தவர். மைந்தரும் 1879-இல் அவ்விலாகாவிலேயே அமர்ந்தார். 1897 ஜூன் 12-ஆம் நாள் பெரும் பூகம்பம் அஸ்ஸாமைப் பாழாக்கியது. ஏறக்குறைய 1,500 மாந்தர் மாண்டனர். அவ்வழிவை ஆராய்ந்து அவர் எழுதிய பேரறிக்கை 1899-இல் வெளிவந்தது. தூரதேசத்துக் கருவிகள் பதித்த அதிர்ச்சியில் மூவகை அலைகள் முன்பின்னாக வந்ததை அவரே தெளிவுறப் பிரித்துணர்ந்தார்.

உடல்நலங் குன்றி 1903-இல் உத்தியோகத்தை விட்டார், ஆராய்ச்சியை விட்டாரல்லர். பூமியின் மறுபுறத்தே அலைகள் காலந்தாழ்த்து வருதல் கண்டு, நடுவே வேறொரு பொருளாலாய கரு உண்டென 1906-இல் நிறுவினார். அது திரவமென்று அவர் துணிந்துரைத்திலர். 1926-இல் ஜெப்ரீஸ் என்பார் அதனை மெய்ப்பித்தார். உருகிய இரும்பும் சிறிது நிக்கலுமே அதன் பெரும்பகுதி. கந்தகம், ஆக்ஸிஜன், சிலிக்கான் போன்ற இலேசான பொருள்களும் கலந்திருத்தல் கூடுமென்பர் இன்றைய அறிஞர். அவ்வுலோகக் கடலின் ஓட்டமே காந்தவூசியை வடக்கு நோக்கச் செய்கின்றது.

ஓல்டாம் 1936-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே, திரவத்தினுள் மற்றோர் உட்கருவும் உண்டென லேமன் அம்மையார் வெளியிட்டார். சான்று சென்ற அளவே சென்று நின்றவர் ஓல்டாம். பரீட்சை மண்டபத்தில் அறியாததையும் அறிந்தார்போல் எழுதித் தாளை நிரப்பும் நாம் அவரிடம் கற்கவேண்டுவது இதுவேயாம்.