திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 - டிசம்பர் 12, 1956) தமிழகத்தின் புகழ் பெற்ற நாதசுவரக் கலைஞர் ஆவார். நாதசுவரச் சக்கரவர்த்தி என அழைக்கப்பட்டவர். தோடி இராகத்தை விரிவாக வாசிப்பதில் பெயர் பெற்றவர்.

வாழ்க்கைக் குறிப்பு

கீழ்வேளூரை உள்ளடக்கிய இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள திருமருகலில் குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள் இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். இளம் வயதிலேயே தந்தையை இழந்ததால், திருவாவடுதுறை ஆதீன நாதசுவர வித்துவானாக விளங்கிய தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையிடம் வளர்ந்தார்.

இசைப் பயிற்சி

முதலில் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். பின்னரே நாதசுவரம் பயின்றார். வாய்ப்பாட்டின் சாயல் அவரது இராக ஆலாபனையில் இறுதிவரை நிலைத்திருந்தது.

கருவியில் மாற்றம்

அக்காலத்தில் குட்டையான, உயர்ந்த சுருதியுடைய திமிரி நாதசுவரமே பெருவழக்கில் இருந்தது. தொலைவில் இருப்போருக்கும் கேட்கும் என்பதால் திருவீதி உலாவுக்கு அது ஏற்றது. அரங்கில் அமர்ந்து கேட்போருக்கோ அதன் ஒலி மிகுதி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ஆச்சா மரத்தில் உருவாக்கிய நீண்ட பாரி நாதசுவரம் தாழ்ந்த சுருதியில் கனிந்த நாதம் தந்தது. இராஜரத்தினம் பிள்ளை அதனைக் கையாண்டு பரவச் செய்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் பயன்படுத்தினார். நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

கலைஞரின் மதிப்பு

நாதசுவரக் கலைஞர்கள் மேலாடையின்றி, நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். பாடகர்களுக்குக் கிடைத்த மேடை மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இராஜரத்தினம் பிள்ளை இதனை ஏற்கவில்லை. கிராப்பு வைத்து, சட்டையும் கோட்டும் அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். இதனால் ஏனைய நாதசுவரக் கலைஞர்களின் மதிப்பும் உயர்ந்தது.

பிற பணிகள்

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் (1940) திரைப்படத்தில் புலவர் காளமேகமாக நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லியில் ஜவகர்லால் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்டபோது நாதசுவரம் வாசித்தார். அவரது தோடி இராக இசைத்தட்டு பெரும் புகழ் பெற்றது.

மறைவும் மாணவரும்

1956-இல் சென்னையில் காலமானார். அவரது மாணவர்களுள் காருகுறிச்சி அருணாசலம் (1921 - 1964) குறிப்பிடத்தக்கவர். கொஞ்சும் சலங்கை (1962) திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலுடன் இணைந்து ஒலித்தது இவரது நாதசுவரமே.