தூரிகையோடு வந்த தாமஸ் டேனியல்

குற்றாலத்தைச் சொல்லால் தீட்டிய திரிகூடராசப்பக் கவிராயரை நம் பகுதியில் அறியாதார் இலர். அதே மலைத்தொடரில் சற்றுத் தெற்கே, பாபநாசத்து அருவியைக் கோட்டாலும் வண்ணத்தாலும் தாளில் இறக்கிய ஆங்கில ஓவியர் ஒருவரை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் தாமஸ் டேனியல். இயற்பியல் மாணவனுக்கு ஓவியரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர் கையாண்ட முறைகளைச் சொல்லும்போது விடை தானே கிடைத்துவிடும்.

தாமஸ் 1749இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை சத்திரம் நடத்தியவர். மகனோ செல்வர்களின் குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசும் தொழிலில் சேர்ந்தார். வண்டிக் கதவில் குலச்சின்னம் வரைந்த கை அது. பின்னர் 1773இல் இலண்டன் ராயல் அகாதெமியின் ஓவியப் பள்ளியில் இடம் பெற்றார். நிலக்காட்சி ஓவியராகும் ஆசை இருந்தது. ஆனால் அங்கே அத்துறையில் போட்டி மிகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி பெற்று, தந்தையை இழந்த அண்ணன் மகன் வில்லியத்தையும் அழைத்துக்கொண்டு 1785இல் கப்பலேறினார். அப்போது வில்லியத்துக்கு வயது 16 கூட நிரம்பவில்லை. சீனா வழியாக 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தனர்.

கல்கத்தாவில் நகரக் காட்சிகள் பன்னிரண்டை வரைந்து அச்சிட முனைந்தார். வரைவதோ எளிது, அச்சிடுவதுதான் பெரும்பாடு. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கினால் அது துகள்துகளாக ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால் துகள்களின் இடைவெளியை மட்டுமே அமிலம் அரிக்கும். சிறிது நேரம் அரித்தால் இளஞ்சாயல், நெடுநேரம் அரித்தால் கருநிழல். ஓவியர், செதுக்குநர், கன்னார், அச்சுக்காரர் ஆகிய எல்லா வேலைகளையும் அவரே பார்க்க நேர்ந்தது. இந்தியக் கைவினைஞர்கள் உதவினர். அவர்களுடைய பெயர்களைப் படங்கள் சொல்லவில்லை.

படங்கள் விற்ற பணத்தில் 1788 முதல் வடநாட்டுப் பயணம். அதில் வரைந்த ஓவியங்களைக் குலுக்கல் முறையில் விற்று, அந்தப் பணத்தில் தென்னாட்டுப் பயணம். 1792 மார்ச்சில் மைசூர்ப் போர் முடிந்தது. ஏப்ரலில் அவர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டுவிட்டனர்! போர் நடந்த கோட்டைகளின் படங்களுக்கு இங்கிலாந்தில் நல்ல விலை இருந்தது. பல்லக்குகள், மாட்டு வண்டிகள், கூடாரங்கள், சுமையாட்கள் புடைசூழச் சேலம், திருச்சி, மதுரை கடந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்தனர். களக்காட்டுக்கு அருகிலிருந்து குமரிமுனைப் பக்கத்து மலைகளையும், பாபநாசத்தில் அருவியையும் வரைந்தனர்.

அவர்களுடைய கருவிகளில் முக்கியமானது இருட்டறைப் பெட்டி. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். பெட்டியின் வில்லை வழியே நுழையும் காட்சி ஓர் ஆடியில் பட்டுத் திரும்பித் தாள்மேல் விழும். விழுந்த பிம்பத்தின்மேல் பென்சிலை ஓட்டவேண்டும். கோபுரத்தின் உயரம், தூண்களின் இடைவெளி எல்லாம் பிசகாமல் வரும். எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கண்ணுக்கு ஓங்கி நிற்கும் மலை, தாளில் சிறுத்துக் கிடக்கும். ஆகவே பெட்டியை நம்பி எல்லையை வரைந்தபின், கண்ணை நம்பி மீண்டும் பார்ப்பது நல்லது.

பகலில் வெளியில் கோட்டுச் சித்திரம். பிறகு கூடாரத்தில் மங்கலான முதற்பூச்சு. முழு வண்ணம் இன்னும் பின்னால். வெட்டவெளியில் ஒளி ஓவியனுக்காகக் காத்திராது என்பதே இந்த முறையின் காரணம் என நினைக்கிறேன். நம் புளியங்குடியில் நின்று பார்த்தாலே இது விளங்கும். மலை மேற்கே இருக்கிறது. விடியற்காலை வெயில் நேராக அதன்மேல் விழுவதால் மடிப்புகள் தெரியாமல் மலை தட்டையாகத் தோன்றும். சூரியன் ஏற ஏறப் பள்ளங்களில் நிழல் இறங்கும். ஒன்பது, பத்து மணிக்குள் மலையின் உடற்கட்டே புலப்பட்டுவிடும். பிற்பகலில் வெயில் மலைக்குப் பின்னே சாய, கருநீல விளிம்பு ஒன்றே மிஞ்சும். வரையப் புகுவோர் அந்த முற்பகல் நேரத்தில் முதலில் நிழல்களின் எல்லையைக் குறித்துக்கொள்ளட்டும். நிழல் நகர்ந்தபின் அதைத் துரத்தித் திருத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். எட்டத்து மலைக்கு நீலம் கூட்டி, அழுத்தம் குறைக்கவேண்டும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். அளவு காட்ட ஓரிரு சிறு மனித உருவங்களும் வேண்டும். டேனியல் படங்களில் அவற்றைத் தவறாமல் காணலாம்.

ஆனால் அவர் காட்டாததும் உண்டு. நமக்கு அடுத்த வாசுதேவநல்லூரில் பூலித்தேவரின் கோட்டையைக் கம்பெனிப் படை தாக்கியது 1767இல். டேனியல் வந்துபோன ஏழாம் ஆண்டில், 1799இல், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவ்விரண்டுக்கும் இடையில் இந்தச் சீமையைக் கண்டவர் அவர். அருவியும் பாறையும் அமைதியாகத் தாளில் இறங்கின. மக்களின் கொந்தளிப்பு இறங்கவில்லை. கம்பெனியின் அனுமதியோடு வந்தவரிடம் அதை எதிர்பார்க்க இயலாதுதான். என்றாலும் படத்தின் அழகில் மயங்கி, அந்நாளில் நாடே அமைதியாக இருந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது.

அதே சமயம் அவர் வரைந்ததன் பயனையும் மறுப்பதற்கில்லை. பாபநாசத்தில் 1940களில் அணையும் நீர்மின் நிலையமும் எழுந்தன. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய தாமிரவருணியை நாம் காண்பது இவர் தாளில்தான். இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் அந்தோனியோ மார்த்தினெல்லி 1990களில் டேனியல்கள் சென்ற தடத்திலேயே சென்று, அதே இடங்களைப் படம்பிடித்தார். பெரும்பாலும் இரண்டும் பொருந்தி நின்றன.

1794இல் நாடு திரும்பிய தாமஸ் மீண்டும் இந்தியா வரவில்லை. 1795 முதல் 1808 வரை 144 படங்கள் ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெயரில் வெளிவந்தன. செப்புத் தகட்டு வேலையில் பெரும்பகுதி வில்லியத்துடையது. தாமஸ் 1799இல் ராயல் அகாதெமியின் முழு உறுப்பினரானார். அதற்குப் பின்னும் பல்லாண்டு அவர் தீட்டிய இந்தியக் காட்சிகளுக்கெல்லாம் முதல், வெயிலில் நின்று போட்ட அந்தப் பழைய பென்சில் கோடுகளே. விட்டுப்போன ஒரு கோட்டைச் சரிபார்க்கப் பாபநாசத்துக்கு இன்னொரு முறை வர வழி ஏது?

மணம் செய்துகொள்ளாத அவருக்கு மகன்போல் இருந்த வில்லியம் 1837இல் காலமானார். இருட்டறைப் பெட்டியின் பிம்பத்தைக் கைபடாமல் வேதியியல் முறையில் தகட்டில் நிறுத்தும் வித்தையைப் பிரான்சு நாட்டு தாகேர் உலகுக்கு அறிவித்தது 1839இல். அடுத்த ஆண்டு மார்ச்சில் தாமஸ் டேனியல் மறைந்தார்.